பத்தாம் வகுப்பு வரை தமிழ்: ஒரு குரூப் 4 விண்ணப்பமும் அதன் சான்றிதழ்களும்

இந்த ஆய்வு ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பற்றியது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு இணையவழியில் விண்ணப்பித்திருந்த 26 வயதுப் பெண் ஒருவர், விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு ஆறு நாள்களுக்கு முன்பு, போட்டித் தேர்வு எழுதுவோருக்கு நான் மாலை நேரங்களில் வழிகாட்டும் நூலகத்திற்கு வந்தார். பாடத்திட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தார். விண்ணப்பம் ஏற்கெனவே ஒரு கணினி மையத்தில் போட்டாகிவிட்டது என்றும், அந்த வேலை முடிந்தது என்றும் அவர் நினைத்திருந்தார். கையிலிருந்த விண்ணப்ப நகலை வாங்கிப் பார்த்தபோது, முடிந்ததாக அவர் கருதிய அந்த வேலையில் நான்கு இடங்களில் பிழை இருந்தது. ஊர், பள்ளி, அலுவலகம் என்று அவரை அடையாளம் காட்டும் எதையும் இங்கே குறிப்பிடவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவைச் சேர்ந்தவர், திருமணமானவர். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு சிறிய தொடக்கப் பள்ளியிலும், ஆறு முதல் பத்து வரை அரசு உயர்நிலைப் பள்ளியிலும் தமிழ்வழியில் படித்தவர். பதினொன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை ஆங்கிலவழி. தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவை 150 ரூபாய் கட்டி முடித்திருந்தார். அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். இதற்கு முன் மூன்று தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருக்கிறார். எல்லாமே அதே கணினி மையத்தில்தான்.

விண்ணப்ப நகலையும் அவருடைய சான்றிதழ்ப் பையையும் மேசையில் வைத்துக்கொண்டு, நகலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எந்தக் காகிதம் சாட்சி என்று கேட்டுக்கொண்டே போனோம். நான் எல்லோரிடமும் செய்வது இந்த ஒன்றைத்தான். இணையவழி விண்ணப்பம் என்பது விண்ணப்பதாரர் தருகின்ற ஓர் உறுதிமொழி. படிவத்தை நிரப்பும் நாளில் அதை யாரும் சோதிப்பதில்லை. தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, தரவரிசையில் பெயர் வந்த பிறகுதான் அந்த உறுதிமொழியின் ஒவ்வொரு சொல்லும் காகிதத்தோடு ஒப்பிடப்படுகிறது. நினைவிலிருந்து நிரப்பிய படிவம் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். அன்று கண்ட பிழைகளும் அப்படி நினைவிலிருந்தும், வேறொருவரின் ஊகத்திலிருந்தும் நிரப்பியதால் வந்தவையே.

முதல் பிழை கட்டணச் சலுகை. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணத்திலிருந்து முழு விலக்கு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை மட்டுமே. இவர் எழுதிய முந்தைய தேர்வுகளின் விண்ணப்ப நகல்களைத் தரவிறக்கி எண்ணினோம். மூன்றிலும் சலுகை கோரப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்றுக்கு அவர் தேர்வெழுதவே போகவில்லை. ஆனால் கணக்கில் வருவது தேர்வு எழுதியதல்ல, சலுகை கோரியது. நான்காவது முறையும் கணினி மையத்தில் வழக்கம்போல் சலுகைக் கட்டத்தைச் சொடுக்கிவிட்டார்கள். தவறான சலுகைக் கோரிக்கை விண்ணப்பத்தையே நிராகரிக்கப் போதுமானது. குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். அதை அன்றே கட்டினார்.

இரண்டாவது பிழை எனக்கு அதிகக் கவலை தந்தது. பதிவில் இருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் அவருடையவை அல்ல. கணினி மையத்தில் இருந்தவருடையவை. ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேர்வதற்கு வசதியாக இருக்கட்டும் என்று முதல் நாள் போட்டது அப்படியே நின்றுவிட்டது. தேர்வாணையம் சான்றிதழ் பதிவேற்றத்துக்கான அழைப்பைத் தபாலில் அனுப்புவதில்லை. இணையதளத்தில் வெளியிடும், குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் பதிவில் உள்ள முகவரிக்கே போகும். பல மாதங்கள் கழித்து அந்த அழைப்பு முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசிக்கு வந்து, ஆயிரம் செய்திகளுக்கு நடுவே கிடந்து, கெடுவும் முடிந்திருக்கும். அந்த எண்ணை மாற்றுவதற்காக அவர் மறுநாள் காலை கணினி மையத்துக்கே திரும்பப் போய்க் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது சாதிச் சான்றிதழ். விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்த சான்றிதழ் எண், திருமணத்துக்குப் பின் இ-சேவை மையம் வழியாக அவர் வாங்கியது. அதில் கணவர் பெயர் இருந்தது. திருமணமான பெண்கள் தந்தையின் பெயரில் உள்ள சாதிச் சான்றிதழைத்தான் தர வேண்டும், கணவர் பெயரில் உள்ளது ஏற்கப்படாது என்று தேர்வாணையத்தின் அறிவுரைகளில் தெளிவாகவே இருக்கிறது. சாதி பிறப்பால் கணக்கிடப்படுவதால் இதில் வாதாட இடமில்லை. நல்லவேளையாகப் பள்ளிக் காலத்தில் வாங்கிய பழைய அட்டை வீட்டில் இருந்தது. தந்தை பெயரில், உரிய வருவாய்த்துறை அலுவலரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும். அந்த அட்டையின் எண்ணையும் நாளையும் விண்ணப்பத்தில் மாற்றினார். ஆனால் அட்டை இன்னொரு சிக்கலைக் கூடவே கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான்காவதை முதலில் நான் பிழையாகவே பார்க்கவில்லை. ‘தமிழ்வழியில் பயின்றவரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்தது. பட்டப்படிப்பு ஆங்கிலவழி என்பதால் சரிதானே என்று தாண்டிப் போக இருந்தேன். பிறகு, இது குரூப் 4 ஆயிற்றே என்று உறைத்தது.

2010ஆம் ஆண்டின் 40ஆவது சட்டம், மாநில அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காட்டைத் தமிழ்வழியில் படித்தோருக்கு முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்குகிறது. அந்தச் சட்டத்தில் பட்டப்படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்துவிட்டு முன்னுரிமை கோரும் வழக்கம் இருந்ததால், 2020இல் திருத்தம் வந்தது. அதன்படியும் அதையொட்டிய தேர்வாணைய நடைமுறையின்படியும், அந்தப் பதவிக்கு விதிக்கப்பட்ட கல்வித் தகுதி எதுவோ அதுவரை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் ‘ஒன்றாம் வகுப்பிலிருந்து’ என்ற பகுதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ‘விதிக்கப்பட்ட கல்வித் தகுதி வரை’ என்பதை மறந்துவிடுகிறார்கள். குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குத் தகுதி பட்டப்படிப்பு. அங்கே இவர் கோர முடியாது. குரூப் 4இன் பொதுவான தகுதி பத்தாம் வகுப்பு. அதுவரை இவர் படித்தது முழுவதும் தமிழ்வழி. அதற்கு மேல் ஆங்கிலத்தில் படித்தது இவருடைய உரிமையைக் குறைக்காது.

ஒரு கட்டத்தில் ‘இல்லை’ என்று சொடுக்கியதால் ஐந்தில் ஒரு பங்கு இடங்களுக்கான முன்னுரிமையை அவர் தாமாகவே விட்டுக்கொடுத்திருந்தார். விண்ணப்பத்தில் கோராத உரிமையைப் பின்னால் எந்தச் சான்றிதழைக் காட்டியும் கேட்க முடியாது. நான் இதை எடுத்துச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. முந்தைய குரூப் 4 விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். அதிலும் ‘இல்லை’தான்.

‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்குவது ஒரு சொடுக்கில் முடியும். கடைசி நாள் வரை திருத்தலாம். அதன் பிறகும் திருத்தச் சாளரம் என்று மூன்று நாள்கள் தருகிறார்கள். ஆனால் ‘ஆம்’ என்று சொன்ன கணத்திலிருந்து, பத்து ஆண்டுப் படிப்புக்கும் பயிற்றுமொழிச் சான்று காட்ட வேண்டிய கடமை வந்துவிடுகிறது. பயின்ற ஒவ்வொரு கல்வி நிறுவனத்தின் தலைவரிடமிருந்தும், வரையறுத்த படிவத்தில், தனித்தனியே சான்றிதழ் வேண்டும். அதனால் அவரிடம் உடனே மாற்றச் சொல்லவில்லை. முதலில் காகிதம் இருக்கிறதா, இல்லாவிட்டால் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஐந்து நாள்கள் இருந்தன. கோரிக்கையை விட்டுவிடுவதும் தவறு, ஆதாரம் தெரியாமல் கோருவதும் தவறு என்பதே என் கருத்து. இரண்டாவது தவறு சில நேரங்களில் முழு விண்ணப்பத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

உயர்நிலைப் பள்ளியில் சிக்கல் இல்லை. தலைமையாசிரியர் முதலில் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், ‘மேற்படி மாணவி எமது பள்ளியில் தமிழ்வழியில் பயின்றார்’ என்று அன்போடு எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான், ஆனால் படிவம் அதுவல்ல. அறிவிக்கையின் பிற்சேர்க்கையில் உள்ள படிவத்தை அச்செடுத்துக் கொடுத்து மறுபடி வாங்க வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் பலர், பெரியவரிடம் திரும்பப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, கிடைத்ததையே வைத்துக்கொள்கிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை; படிவத்தைக் கையோடு கொண்டு போனால் அவருக்கும் வேலை எளிது.

தொடக்கப் பள்ளிதான் முட்டுக்கட்டை. மாணவர் எண்ணிக்கை குறைந்து, சில ஆண்டுகளுக்கு முன் அது மூடப்பட்டுவிட்டது. கட்டடம் இருந்தது; கையெழுத்துப் போட யாரும் இல்லை. தொடக்கப் பள்ளிகள் மாற்றுச் சான்றிதழுக்குப் பதிலாகத் தரும் பதிவுத்தாளும் ஆறாம் வகுப்பில் சேரும்போதே உயர்நிலைப் பள்ளியில் கொடுத்தாகிவிட்டது. இப்படி நிறுவனம் மூடப்பட்டிருந்தால், அதன் ஆவணங்களை வைத்திருக்கும் கல்வித்துறை அலுவலகத்திலிருந்து சான்று பெறலாம். அவர் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அங்கே போனார்; நானும் உடன் சென்றேன்.

அலுவலகத்தில் இருந்தவர்கள் மறுக்கவில்லை. மூடிய பள்ளிகளின் பதிவேடுகள் ஒரு மர அலமாரியின் அடித்தட்டில், பள்ளிக்கு ஒரு கட்டாகத் துணியில் பொதிந்து கிடந்தன. சேர்க்கைப் பதிவேட்டை விரித்தபோது தாளின் ஓரம் பொடிந்து விரலில் ஒட்டியது. வரிசை எண், சேர்ந்த நாள், மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் என்று நீல மையில் சாய்ந்த கையெழுத்து. ஆறாவது பக்கத்தில் அவர் பெயர் இருந்தது; தலைப்பெழுத்து இல்லாமல் வெறும் பெயர். பக்கத்துக் கட்டத்தில் அவருடைய தந்தையின் பெயர் தமிழில் முழுவதுமாக இருந்தது. அவர் அந்த வரியின் மீது விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் பயிற்றுமொழிக்கு என்று ஒரு கட்டம் இல்லை. அவர் அங்கே படித்தார் என்பதற்குத்தான் அது சாட்சி, தமிழில் படித்தார் என்பதற்கு அல்ல. இதைக் கண்டுபிடித்தவரும் அதற்கு வழி சொன்னவரும் அந்த அலுவலகத்தின் இளநிலை உதவியாளர். பள்ளிக்கு அரசு வழங்கிய அங்கீகார ஆணையில் பயிற்றுமொழி குறிப்பிடப்பட்டிருக்கும், அதன் நகல் கோப்பில் இருக்க வேண்டும் என்றார். தேடி எடுத்தார், ‘பயிற்றுமொழி: தமிழ்’ என்று இருந்தது. பதிவேடும் ஆணையும் சேர்ந்தால் சான்று வழங்க முடியும், அதிகாரியின் ஒப்புதலுக்குச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அன்று மாலையே விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று திருத்தினோம். சான்றிதழ் கைக்கு வர 23 நாள்கள் ஆயின.

இந்த 23 நாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் இதைத்தான் இரண்டு விதமாகப் பார்க்கிறது. தகுதி என்பது அறிவிக்கையில் சொன்ன நாளில் இருந்தாக வேண்டும். அந்தத் தகுதிக்கான ஆதாரத்தைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தால் என்ன? 2016இல் தில்லிப் பணியாளர் தேர்வு ஒன்றில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் கெடு நாளுக்குப் பின் கொடுத்த விண்ணப்பதாரருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி என்பது பிறப்பால் வருவது, சான்றிதழ் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை என்பது அதன் அடிநாதம். இதை மேற்கோள் காட்டி, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் 2023இல், 2022ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழை உரிய நாளுக்குள், உரிய வடிவில் தராதவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதை அதே நீதிமன்றம் சரியென்றது. 2025இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், அறிவிக்கை கேட்ட படிவத்தில் இல்லாமல் மத்திய அரசுப் படிவத்தில் சாதிச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கும் நிவாரணம் கிடைக்கவில்லை. வழக்காடி வென்றவர்கள் இருக்கலாம். வெல்லும் வரை கழியும் ஆண்டுகளை ஒரு வேலை தேடும் குடும்பம் எப்படித் தாங்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படிவம் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இதே பெண், அதே வாரத்தில், ஒரு மத்திய அரசுப் பணிக்கும் தம் மாநிலச் சாதிச் சான்றிதழை வைத்தே விண்ணப்பிக்க இருந்தார். மத்திய அரசுக்கு இதர பிற்படுத்தப்பட்டோர் என்ற பெயரில் தனிச் சான்றிதழ், தனிப் படிவம். வளமான பிரிவில் வராதவர் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும், அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். மாநிலச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. சாதி ஒன்றுதான், கேட்கிற அரசு வேறு.

தேர்வு முடிந்து, தரவரிசை வந்து, சான்றிதழ்களைப் பதிவேற்றும்படி அழைப்பு வந்தது. இந்த முறை குறுஞ்செய்தி அவருடைய கைப்பேசிக்கே வந்தது. ஒவ்வொரு ஆவணமும் 200 கேபி அளவுக்குள் பிடிஎஃப் கோப்பாக இருக்க வேண்டும். இங்கேதான் பழைய சாதிச் சான்றிதழ் அட்டை தன் வேலையைக் காட்டியது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவருடைய அம்மா அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். கைப்பேசியில் படம் எடுத்தால் விளக்கின் வெளிச்சம் சரியாக முத்திரையின் மேல் விழுந்து வெள்ளையாகப் பூத்தது. அளவைக் குறைக்க ஒரு செயலியில் போட்டுச் சுருக்கியபோது, முத்திரையில் இருந்த அலுவலகப் பெயர் ஊதா நிறத் திட்டாக மாறிவிட்டது. கோப்பு 90 கேபி. பதிவேற்றத்தில் எந்தத் தடையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். படிக்க வேண்டியவரால்தான் படிக்க முடியாது.

அட்டையைப் படுக்கை ஸ்கேனரில் வைத்து, வண்ணத்தில், 150 டிபிஐ அளவில் எடுத்தோம். மேலே கனமான ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தியதும் லேமினேஷனின் வளைவு போய் எழுத்துகள் நேராக வந்தன. 170 கேபி. பதிவேற்றும் முன் கோப்பைத் திறந்து, கைப்பேசித் திரையில் அல்லாமல் பெரிய திரையில், சான்றிதழ் எண், நாள், கையொப்பம், முத்திரை ஆகிய நான்கையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். நான்கையும் படிக்க முடிந்த பிறகே அது ஏறியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தில் எழுத்து இருந்ததால் இரண்டு பக்கங்களையும் ஒரே கோப்பில் சேர்த்தோம்.

நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு சிறு தடங்கல் ஏற்பட்டது. ஏ அல்லது பி பிரிவு அலுவலர் ஒருவரிடம் அவர் முன்பே வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதன் நாள் அறிவிக்கை நாளுக்கு முந்தையது. அறிவிக்கை நாளிலோ அதன் பின்னரோ பெற்றிருக்க வேண்டும் என்பதால் புதிதாக வாங்கினார். முன்கூட்டியே தயாராக இருப்பது எல்லாக் காகிதத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இந்த ஒன்றைத்தான் நான் உதாரணமாகச் சொல்வது வழக்கம்.

நேரடிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவர் மூலச் சான்றிதழ்களை, பதிவேற்றிய அதே வரிசையில் அடுக்கிக்கொண்டு போனார். சாதி, கல்வி, தமிழ்வழிச் சான்றுகள் இரண்டு, நன்னடத்தை எல்லாம் கேள்வியின்றி நகர்ந்தன. ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினார்களாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘மணியன்’ என்று முடியும் தந்தை பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே ஒரு ‘ஒய்’ இருந்தது. சாதிச் சான்றிதழ் அட்டையில் அந்த எழுத்து இல்லை. இரண்டும் ஒருவரே என்பதற்கு எதைக் காட்டுவது என்று முன்பே யோசித்து, தந்தையின் வாக்காளர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை எடுத்துப் போயிருந்தார். கூடவே அந்தப் பழைய தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றளிக்கப்பட்ட நகல். எல்லா ஆவணத்திலும் தமிழில் அந்தப் பெயர் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய கைகள்தான் வேறு வேறு. சரிபார்த்தவர் தமிழ் வரிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார் என்று அவர் அன்று மாலை தொலைபேசியில் சொன்னார்.

கலந்தாய்வில் தமிழ்வழி முன்னுரிமையின் கீழ் அவருக்கு இளநிலை உதவியாளர் பணியிடம் கிடைத்தது. பணியில் சேர்வதற்கு முந்தைய வாரம் நூலகத்துக்கு வந்தார். அவருடைய அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாளாம். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் எப்போது அனுப்புவார்கள், அதற்கு முன் பள்ளிப் பதிவில் அவள் தந்தை பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்த யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வகுப்பாசிரியரை, அதுவும் பட்டியல் போகும் முன் என்றேன். மறுநாள் காலை பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.